கணக்கு டீச்சர் பதில்கள்: சுற்றினால் கிடைக்கும் கன அளவு

பொதுத்தேர்வு நெருங்குகிறது போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பன்னிரண்டாம் வகுப்புத் தொகை நுண்கணிதத்தின் கடைசிப் பகுதியைப் பற்றியவை. ஒரு வளைகோட்டை அச்சைச் சுற்றிவிட்டால் கிடைக்கும் திண்மத்தின் கன அளவு. படித்து முடித்தவர்களும் படிக்காதவர்களும் கூட இதையே கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும்.

டீச்சர், எக்ஸ் அச்சில் சுற்றினால் பை ஒய்² டிஎக்ஸ், ஒய் அச்சில் சுற்றினால் பை எக்ஸ்² டிஒய் என்று இரண்டு சூத்திரம் கொடுத்திருக்கிறார்கள். தேர்வில் எதைப் போடுவது என்று குழப்பமாகவே இருக்கிறது. ஞாபகம் வைத்துக்கொள்ள குறுக்கு வழி உண்டா?
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி

உண்டு. இரண்டு சூத்திரத்தையும் மறந்துவிடு. கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கடைசல் பட்டறைக்கு என்றாவது போயிருக்கிறாயா? கட்டை சுழன்றுகொண்டே இருக்கும். அதன்மேல் உளியை வைத்து மெல்ல நகர்த்துவார்கள். உளி உள்ளே போன இடத்தில் கட்டை ஒல்லியாகும், வெளியே வந்த இடத்தில் பருமனாக நிற்கும். பம்பரம், கட்டில் கால், சப்பாத்திக் குழவி எல்லாம் அப்படி வந்தவைதான். உளி போன பாதைதான் உன் பாடத்தில் வரும் வளைகோடு. கட்டை எந்த நடுக்கோட்டைச் சுற்றிச் சுழன்றதோ, அதுதான் அச்சு.

இப்போது அந்தக் கடைந்த கட்டையை எடுத்து, அச்சுக்குக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக அறு. எங்கே அறுத்தாலும் வில்லை வட்டமாகத்தான் இருக்கும். வட்டத்தின் பரப்பு பை × ஆரம்². அதைத் தடிமனால் பெருக்கினால் ஒரு வில்லையின் கன அளவு. எல்லா வில்லைகளையும் கூட்டினால் கட்டையின் கன அளவு. தடிமனைக் குறைத்துக்கொண்டே போய்க் கூட்டுவதற்குப் பெயர்தான் தொகையிடல். உன் இரண்டு சூத்திரமும் இந்த ஒரே வில்லைதான்.

அச்சு எந்தத் திசையில் ஓடுகிறதோ, தடிமன் அந்தத் திசையில். எக்ஸ் அச்சில் சுற்றினால் தடிமன் டிஎக்ஸ், அச்சிலிருந்து வளைகோடு வரை உள்ள தூரம் ஒய், அதுதான் ஆரம். ஒய் அச்சில் சுற்றினால் தடிமன் டிஒய், ஆரம் எக்ஸ். படத்தில் ஒரே ஒரு வில்லையை வரைந்துவிட்டால் சூத்திரம் தானாக வந்து உட்காரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒய்² = எக்ஸ் என்ற பரவளையம். எக்ஸ் 0-விலிருந்து 4 வரை, அச்சுக்கு மேலே உள்ள பகுதி. இதை எக்ஸ் அச்சில் சுற்றினால் ஆரத்தின் வர்க்கம் எக்ஸ். 0-விலிருந்து 4 வரை எக்ஸைத் தொகையிட்டால் 16/2 = 8. கன அளவு 8 பை. இதில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை.

அதே பகுதியை ஒய் அச்சில் சுற்று என்றால்தான் வகுப்பில் பாதிப் பேர் விழுவார்கள். பை எக்ஸ்² டிஒய் என்று கை தானாக எழுதும். எக்ஸ்² என்பது ஒய்⁴. 0-விலிருந்து 2 வரை தொகையிட்டால் 32/5. 6.4 பை என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். படத்தைப் பார். கேட்ட பகுதி வளைகோட்டுக்கும் எக்ஸ் = 4 என்ற கோட்டுக்கும் இடையில் இருக்கிறது. ஒய் அச்சை ஒட்டி அது இல்லவே இல்லை. நீ கண்டுபிடித்த 6.4 பை என்பது பொருளுக்கு நடுவில் இருக்கும் குழி! வெளிப்பக்கம் ஆரம் 4, உயரம் 2, ஆக முழு உருளை 32 பை. குழியைக் கழித்தால் 25.6 பை. அதுதான் விடை.

அதே பகுதி, 8 பையிலிருந்து 25.6 பைக்குப் போய்விட்டது பார். மூன்று மடங்குக்கு மேல். எக்ஸ் அச்சில் சுற்றும்போது பகுதி முழுவதும் அச்சை ஒட்டியே இருக்கிறது. ஒய் அச்சில் சுற்றும்போது பகுதியின் கனமான பக்கம் அச்சிலிருந்து 4 அலகு தள்ளி நின்று பெரிய வட்டமாகச் சுற்றிவருகிறது. அதிக தூரம் போனால் அதிக இடத்தை அடைக்கும்.

சந்தேகம் இருந்தால் இன்னொரு வழியில் சரிபார்க்கலாம். ஒன்றுக்குள் ஒன்று செருகிய மெல்லிய குழாய்களாக அதே திண்மத்தைப் பிரி. ஒரு குழாயைக் கிழித்து விரித்தால் நீளம் 2 பை எக்ஸ், உயரம் ஒய், தடிமன் டிஎக்ஸ். தொகையிட்டால் அதே 25.6 பை வரும். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் தேர்வு அறையில் நிம்மதியாக மூச்சு விடலாம்.

நடுவில் ஓட்டை உள்ள திண்மத்துக்கு வெளி ஆரத்திலிருந்து உள் ஆரத்தைக் கழித்து வர்க்கம் பண்ணினேன். தப்பு என்று அடித்துவிட்டார்கள். கழித்தல் ஒன்றுதானே, முன்னால் கழித்தால் என்ன, பின்னால் கழித்தால் என்ன?
மாணவர், அறந்தாங்கி

என்ன ஆகும் என்று எண்ணை வைத்துப் பார், தம்பி. வெளி ஆரம் 5, உள் ஆரம் 4. நீ செய்தபடி 5 − 4 = 1, வர்க்கம் 1, பரப்பு 1 பை. நிஜத்தில் பெரிய வட்டம் 25 பை, வெட்டி எறிந்த சின்ன வட்டம் 16 பை, மிச்சம் 9 பை. ஒன்பதில் ஒரு பங்கைத்தான் நீ கணக்கில் கொண்டுவந்திருக்கிறாய். நீ கண்டுபிடித்தது ஒரு அலகு ஆரமுள்ள ஒரு குட்டி வட்டத்தின் பரப்பு. அந்த வளையத்துக்குள் அப்படி ஒரு வட்டம் எங்கேயும் இல்லை. அடித்தவர் செய்தது சரி.

என் பையன் என்ஜினீயரிங் படிக்கிறான். பித்தளைக் குடத்தில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று தண்ணீர் ஊற்றாமலே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம் என்கிறான். நாங்கள் பாத்திரக் கடை வைத்திருக்கிறோம். இது நடக்கிற காரியமா?
வாசகர், கும்பகோணம்

தாராளமாக நடக்கும். நூலும் அளவுகோலும் போதும். குடத்தின் வளைவுக்கு சமன்பாடு கிடையாது என்பதுதான் இதில் உள்ள சுவாரசியமே. தட்டித் தட்டி உருவாக்கியவர் எந்தச் சமன்பாட்டையும் பார்த்துத் தட்டவில்லை. ஆனால் தொகையிடுவதற்குச் சமன்பாடு கட்டாயம் இல்லை. வில்லைகளின் பரப்பு தெரிந்தால் போதும்.

என் வீட்டுக் குடத்தையே எடுத்துக்கொள்கிறேன். அடியிலிருந்து கழுத்து தொடங்கும் இடம் வரை உயரம் 24 சென்டிமீட்டர். சுவரை ஒட்டிக் குடத்தை நிறுத்தி, 4 சென்டிமீட்டருக்கு ஒரு முறை சாக்பீஸால் குறி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குறியிலும் நூலைச் சுற்றிச் சுற்றளவை எடுக்க வேண்டும். ஆரத்தை நேராக அளக்கப் போகாதீர்கள், குடத்தின் நடுவை யாரும் பார்த்ததில்லை. அடியிலிருந்து வந்த சுற்றளவுகள் இவை: 50, 75, 92, 98, 92, 74, கழுத்தில் 40.

சுற்றளவு தெரிந்தால் வட்டத்தின் பரப்பு தெரிந்த மாதிரி. சுற்றளவின் வர்க்கத்தை 4 பையால், அதாவது சுமார் 12.57-ஆல் வகுத்தால் பரப்பு. வகுத்தலைக் கடைசியில் ஒரே தடவையாக வைத்துக்கொண்டால் வேலை மிச்சம். வர்க்கங்கள்: 2500, 5625, 8464, 9604, 8464, 5476, 1600.

இவற்றைக் கூட்டுவதற்கு சிம்ப்சன் விதி. முதலும் கடைசியும் ஒரு மடங்கு, இடையில் உள்ளவை 4, 2, 4, 2, 4 என்று மாறி மாறி. கூட்டினால் 1,20,776. இடைவெளி 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் சுமார் 1,61,035. அதை 12.57-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12,815 கன சென்டிமீட்டர். 12.8 லிட்டர்.

இங்கே நிறுத்தினால் உங்கள் பையன் ஜெயித்ததாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். விடாதீர்கள். நூலைச் சுற்றியது குடத்துக்கு வெளியே, தண்ணீர் நிற்பது உள்ளே. தகடு 1 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்தால், அதே அளவுகளிலிருந்து குடத்தின் மேல்பரப்பு அடியையும் சேர்த்துச் சுமார் 2,530 சதுர சென்டிமீட்டர் வருகிறது. அதை 0.1-ஆல் பெருக்கினால் 253 கன சென்டிமீட்டர் பித்தளை. ஆக கால் லிட்டரைக் கழிக்க வேண்டும். 12.5 லிட்டரை ஒட்டி நிற்கும். லிட்டர் குவளையால் ஊற்றிப் பார்த்தபோது பன்னிரண்டரைக்கு ஒரு கை குறைவாகவே நின்றது.

அந்த ஒரு கை எங்கே போனது? என் குடத்தின் இடுப்பில் ஒரு ஒடுக்கு இருக்கிறது. ஒரே சுற்றளவுள்ள உருவங்களில் வட்டத்துக்குத்தான் பரப்பு அதிகம். நசுங்கிய இடத்தில் குறுக்கு வெட்டு வட்டமாக இருக்காது, நூல் மட்டும் அதே நீளத்தைக் காட்டும். அதனால் ஒடுக்கு விழுந்த குடத்துக்கு நூல் கணக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் சொல்லும், ஒருபோதும் குறைத்துச் சொல்லாது.

உங்கள் தொழிலுக்கு ஒரு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன். பித்தளையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.5 கிராம். 253-ஐ அதனால் பெருக்கினால் 2,150 கிராம். கழுத்தும் விளிம்பும் இதில் சேரவில்லை. நீங்கள் எடைக்கு விலை போடுவது மேல்பரப்புக்கும் தடிமனுக்கும். வாங்குகிறவர் தூக்கிக்கொண்டு போவது கன அளவை.

கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த கெப்ளர், மதுப் பீப்பாயைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார் என்று படித்தேன். உண்மையா, கட்டுக்கதையா?
வாசகி, நாகர்கோவில்

முழுக்க உண்மை. 1613-இல் அவருக்கு இரண்டாவது திருமணம். அப்போது ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் இருந்தார். அந்த வருடம் திராட்சை நன்றாக விளைந்து, டான்யூப் ஆற்றின் வழியே பீப்பாய் பீப்பாயாக மது வந்து இறங்கியது. வீட்டுக்கு வாங்கி வைத்தார். விற்றவர் ஒரு அளவுகோலோடு வந்தார். பீப்பாயின் வயிற்று நடுவில் இருக்கும் துளைக்குள் கோலைச் சாய்வாக விட்டு, மூடிப் பலகையின் அடி விளிம்பைத் தொடும்வரை இறக்கினார். ஈரமான அளவைப் படித்து இத்தனை என்று சொல்லிவிட்டார். எல்லாப் பீப்பாய்க்கும் அதே கோல், அதே வேலை. வேறு கணக்கே கிடையாது.

கெப்ளருக்கு எப்படி இருந்திருக்கும்! குட்டையாகப் பருத்த பீப்பாய்க்கும் நீண்டு ஒல்லியான பீப்பாய்க்கும் அந்தச் சாய்வு அளவு ஒன்றாகவே வரக்கூடும். உள்ளே இருக்கும் மது ஒன்றாக இருக்காது. யோசித்துப் பார்த்து, 1615-இல் மதுப் பீப்பாய்களின் கன அளவைப் பற்றி லத்தீனில் ஒரு முழு நூலே வெளியிட்டார். அதில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுழற்சித் திண்மங்கள் வருகின்றன. வட்டத்தின் ஒரு பகுதியை நாணைச் சுற்றிச் சுழற்றி, வருவதற்கு ஆப்பிள், எலுமிச்சை என்று பெயர் வைத்திருக்கிறார். அரைவட்டத்தைவிடப் பெரிய துண்டு என்றால் ஆப்பிள், சிறியது என்றால் எலுமிச்சை. நியூட்டனும் லைப்னிட்சும் பிறப்பதற்கு முன்னால், மெல்லிய துண்டுகளாக அறுத்துக் கூட்டும் வேலையை அவர் கையாலேயே செய்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வருவது. பீப்பாயை ஒரு உருளை என்று வைத்துக்கொள்வோம். சாய்வுக்கோலின் நீளத்தை மாற்றாமல், பீப்பாயின் நீளத்தையும் விட்டத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டே போனால் எப்போது அதிக மது பிடிக்கும்? நீளம் விட்டத்தைப்போல் √2 மடங்காக, அதாவது சுமார் 1.41 மடங்காக இருக்கும்போது. வகை நுண்கணிதம் தெரிந்தவர்கள் இரண்டே வரியில் போட்டுவிடலாம். ஆஸ்திரியப் பீப்பாய்கள் ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான் செய்யப்பட்டிருந்தன என்பதைக் கெப்ளர் கவனித்தார்.

அதனால் என்ன என்கிறீர்களா? உச்சத்துக்குப் பக்கத்தில் வளைகோடு தட்டையாக இருக்கும். பீப்பாய் செய்கிறவர் கை தவறி நீளத்தை விட்டத்தைப்போல் 1.6 மடங்காகச் செய்துவிட்டாலும், அதே கோல் அளவுக்கு மது 1 சதவீதம்தான் குறைகிறது. 1.2 மடங்காகச் செய்தால் குறைவது 2 சதவீதத்துக்கும் கீழே. ஆக ஆஸ்திரிய வியாபாரியின் கோல் பெரிதாக யாரையும் ஏமாற்றவில்லை. அதே கோலை, விட்டத்தைப்போல் மூன்று மடங்கு நீளமுள்ள பீப்பாய்க்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பது மூன்றில் இரண்டு பங்குதான், விலை மட்டும் முழுதாகக் கொடுப்பீர்கள். சண்டை போடக் கிளம்பியவர் கடைசியில் பீப்பாய் செய்தவர்களைப் பாராட்டும்படி ஆனது.

முந்தைய பதிலில் குடத்துக்குப் பயன்படுத்திய விதி இருக்கிறதே, அதன் எளிய வடிவத்தை ஜெர்மனியில் இன்றும் கெப்ளரின் பீப்பாய் விதி என்றுதான் சொல்கிறார்கள். அடி வெட்டு, நடு வெட்டைப்போல் நான்கு மடங்கு, மேல் வெட்டு மூன்றையும் கூட்டி உயரத்தால் பெருக்கி 6-ஆல் வகுத்தால் கன அளவு. தாமஸ் சிம்ப்சன் அதற்கு நூறு வருடத்துக்குப் பின்னால் வந்தவர்.

நகைப் பட்டறையில் வேலை. கெட்டிக் கம்பி வளையலுக்குக் கம்பி வெட்டும்போது உள் விட்டத்தையும் எடுக்காதே, வெளி விட்டத்தையும் எடுக்காதே, நடுவை எடு என்று எங்கள் ஆசாரி சொல்வார். எடையும் சரியாக வந்துவிடும். ஏன் என்று கேட்டால் அப்படித்தான் என்கிறார்.
வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் ஆசாரி சொல்வதை அலெக்சாந்திரியாவில் இருந்த பாப்பஸ் என்பவர் 4-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பரப்பை அதை வெட்டாத ஓர் அச்சைச் சுற்றிவிட்டால், கிடைக்கும் திண்மத்தின் கன அளவு, அந்தப் பரப்பையும் அதன் மையம் நகர்ந்த தூரத்தையும் பெருக்கினால் வருவது. கம்பியின் வெட்டு ஒரு சின்ன வட்டம், அதன் மையம் நடுவில். அது சுற்றி வந்த தூரம்தான் கம்பியின் நீளம்.

2.6 சைஸ் வளையல் என்றால் உள் விட்டம் சுமார் 60 மில்லிமீட்டர். கம்பி 3 மில்லிமீட்டர் பருமன். நடு விட்டம் 63. நீளம் 19.8 சென்டிமீட்டர். வெட்டுப் பரப்பு 0.0707 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 1.4 கன சென்டிமீட்டர். 22 காரட் தங்கத்தின் அடர்த்தியை 17.7 என்று வைத்தால் ஏறக்குறைய 24.8 கிராம், மூன்று சவரனுக்குக் கொஞ்சம் மேல்.

உள் விட்டத்தை வைத்துப் போட்டிருந்தால் 23.6 கிராம், வெளி விட்டத்தை வைத்துப் போட்டிருந்தால் 25.9 கிராம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம். இன்றைய விலைக்கு அதைக் கணக்கில் எழுதிப் பாருங்கள், ஆசாரி ஏன் குரலை உயர்த்துகிறார் என்று புரியும்.

கம்பியை வளைக்கும்போது உள்பக்கம் நெருங்கும், வெளிப்பக்கம் இழுபடும். நடு மட்டும் அப்படியே இருக்கும். வெளியே கூடியதும் உள்ளே குறைந்ததும் ஒன்றுக்கொன்று சரியாக அடிபட்டுப் போவதால்தான் பாப்பஸின் விதி வேலை செய்கிறது. ஆசாரி இதைக் கையால் உணர்ந்து வைத்திருக்கிறார்.

உருண்டையின் கன அளவை நம் நாட்டவர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. சரியா?
ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர், விருதுநகர்

சரியில்லை. ஆனால் உண்மைக் கதை அந்தச் செய்தியைவிட நன்றாக இருக்கும்.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடிஸ் கண்டுபிடித்துவிட்டார். உருண்டையை இறுக்கமாக மூடும் உருளையின் கன அளவில் மூன்றில் இரண்டு பங்கு உருண்டை. அவருக்கு அதில் அவ்வளவு பெருமை. கல்லறையில் உருளையும் உருண்டையும் பொறிக்கச் சொன்னார். கி.மு. 75-இல் சிசிலிக்கு அதிகாரியாகப் போன ரோமானியப் பேச்சாளர் சிசரோ, முள்ளும் புதரும் மண்டிக் கிடந்த அந்தக் கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறார்.

நம் பக்கம் 499-இல் ஆரியபட்டர் கொடுத்த விதி தவறு. நடு வட்டத்தின் பரப்பை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கு என்கிறார். கனசதுரத்துக்கு அது பொருந்தும்: பக்கத்தின் பரப்பு, அதன் வர்க்கமூலம், பெருக்கினால் கன அளவு. அதே தடத்தில் போயிருக்கலாம். உருண்டைக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக வருகிறது. 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் சரியாகச் சொல்லிவிட்டார்: வட்டத்தின் பரப்பைப்போல் நான்கு மடங்கு மேல்பரப்பு, அதை விட்டத்தால் பெருக்கி 6-ஆல் வகுத்தால் கன அளவு. எழுதிப் பாருங்கள், நம் 4/3 பை ஆரம்³ அப்படியே வந்து நிற்கும்.

அப்புறம் கேரளம். 16-ஆம் நூற்றாண்டில் ஜேஷ்டதேவர் எழுதிய யுக்திபாஷை, விதியோடு நிற்காமல் காரணத்தையும் மலையாளத்தில் சொல்கிறது. உருண்டையை மெல்லிய துண்டுகளாக அறுத்து, அவற்றின் பரப்பைக் கூட்டி, துண்டுகளின் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகும் வழி. ஐரோப்பாவில் இத்தாலியக் கணித அறிஞர் கவாலியேரி துண்டுகளைப் பற்றிய தன் நூலை வெளியிட்டது 1635-இல். வாட்ஸ்அப்பில் பெருமைப்பட வேண்டும் என்றால் இதற்குப் பெருமைப்படுங்கள், யாரும் மறுக்க முடியாது.

அந்த வழி என்ன என்று பார்க்க ஆசை இருந்தால்: அரை உருண்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்து, உயரம் ‘உ’ உள்ள இடத்தில் கிடையாக அறுங்கள். பிதாகரஸ் விதிப்படி அங்கே வில்லையின் ஆரத்தின் வர்க்கம் ஆரம்² − உ². உ-வை 0-விலிருந்து ஆரம் வரை கூட்டினால் ஆரம்³ − ஆரம்³/3, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஆர்க்கிமிடிஸின் அதே மூன்றில் இரண்டு.

செயலியில் போட்டால் நொடியில் விடை வருகிறது. பிறகு எதற்கு இதைக் கையால் போட வேண்டும்?
கல்லூரி மாணவர், சேலம்

செயலி தொகையிட்டுத் தரும். எதைத் தொகையிடுவது என்பதை நீதான் சொல்ல வேண்டும். முதல் கேள்வியில் வந்த 6.4 பையைச் செயலியும் பிழையில்லாமல் போட்டுத் தந்திருக்கும். எல்லையையும் ஆரத்தையும் சரியாக எழுதத் தெரிந்தவுடன் செயலியைத் திற, எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒன்றின் கீழ் எக்ஸ் என்ற வளைகோட்டை 1-லிருந்து முடிவிலி வரை சுற்றினால் கன அளவு பை, ஆனால் மேல்பரப்பு முடிவிலி என்கிறார்கள். அப்படியென்றால் அந்தக் கொம்புக்குள் பெயின்ட்டை ஊற்றி நிரப்பிவிடலாம், ஆனால் உள்சுவருக்குப் பெயின்ட் அடிக்க முடியாதா? தலை சுற்றுகிறது.
பி.எஸ்சி. மாணவி, திருநெல்வேலி

டோரிசெல்லி 1640-களில் இதை வெளியிட்டபோது ஐரோப்பாவில் பெரிய பெரிய ஆட்களுக்கே தலை சுற்றியது. பாரமானி செய்த அதே டோரிசெல்லிதான். உனக்குச் சுற்றுவதில் தப்பே இல்லை.

வில்லையின் பரப்பு பை/எக்ஸ்². 1-லிருந்து ‘ப’ வரை தொகையிட்டால் பை(1 − 1/ப). ப எவ்வளவு பெரியதானாலும் பையைத் தாண்டாது. மேல்பரப்புக்கு ஆரம் ஒரே ஒரு முறைதான் வருகிறது, வர்க்கமாக இல்லை. அதனால் அது குறைந்தது 2 பை × இயல் மடக்கை (லாக்) ப ஆகிறது, மடக்கைக்கு உச்சவரம்பு கிடையாது.

ஆனால் மடக்கை எவ்வளவு சோம்பேறி என்று பார். அலகை 1 சென்டிமீட்டர் என்று வை. கொம்பை 220 மீட்டர் நீளத்துக்கு இழுத்துவிட்டோம். அப்போது மேல்பரப்பு சுமார் 63 சதுர சென்டிமீட்டர்தான், ஒரு உள்ளங்கை அளவுகூட இல்லை. அந்த முனையில் கொம்பின் ஆரம் மில்லிமீட்டரில் 2000-இல் ஒரு பங்குக்கும் கீழே. முடிவிலி என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ வேகமாகப் பெருகுவதாக நினைத்துவிடுகிறோம்.

பெயின்ட் விஷயத்துக்கு வருவோம். சுவருக்கு அடிக்கும்போது ஒரே தடிமனில் பூச வேண்டும் என்று மனசுக்குள் ஒரு நிபந்தனை போட்டுக்கொள்கிறாய். அதே தடிமனில் முடிவில்லாத பரப்புக்குப் பூச முடிவில்லாத பெயின்ட் வேண்டும், சந்தேகமில்லை. ஊற்றி நிரப்பும்போதோ கொம்பு சிறுக்கச் சிறுக்கப் பூச்சும் சன்னமாகிக்கொண்டே போகிறது. எக்ஸ் தூரத்தில் 1/எக்ஸைவிடத் தடிமனாகப் பூச அங்கே இடமே கிடையாது. இரண்டும் வேறு வேறு வேலை. முரண்பாடு ஓடிப்போய்விட்டது.

என் பேத்தியின் வினாத்தாளில் ஒரு கேள்வி: மர உருண்டையின் நடு வழியாக வட்டத் துளை போட்டார்கள். மிச்சமிருக்கும் வளையத்தின் உயரம் 6 செ.மீ. மிச்ச மரத்தின் கன அளவு என்ன? உருண்டையின் ஆரமும் இல்லை, துளையின் ஆரமும் இல்லை. அச்சுப் பிழைதானே?
வாசகி, புதுச்சேரி

பிழை இல்லை அம்மா, வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். உருண்டையின் ஆரத்தை ‘ஆ’ என்று வையுங்கள். நடுவிலிருந்து உ உயரத்தில் அறுத்தால் வெளி ஆரத்தின் வர்க்கம் ஆ² − உ². துளையின் விளிம்பு 3 சென்டிமீட்டர் உயரத்தில் உருண்டையைத் தொடுவதால் உள் ஆரத்தின் வர்க்கம் ஆ² − 9. கழித்தால் 9 − உ². ஆ எங்கே? அடிபட்டுப் போய்விட்டது. இதை −3 முதல் 3 வரை தொகையிட்டுப் பையால் பெருக்கினால் 36 பை, சுமார் 113 கன சென்டிமீட்டர்.

உருண்டை ஆரஞ்சு அளவாக இருந்தாலும் பூசணி அளவாக இருந்தாலும் இதே விடை. பெரிய உருண்டையில் துளையும் பெரியது, மிச்சம் நிற்கும் வளையம் அகலமாக, ஆனால் சன்னமாக இருக்கும். பூமி அளவு உருண்டை என்றால் வளையம் ஓர் அணுவைவிடச் சன்னமாகிவிடும், மரத்தில் செய்ய முடியாது. காகிதத்தில் மட்டும் 36 பைதான்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர், ‘ஆரம் கொடுக்கவில்லை, அதனால் விடை ஆரத்தைப் பொறுத்தது அல்ல, ஆகவே துளை பூஜ்யம் என்று வைத்தால் 6 செ.மீ. விட்டமுள்ள முழு உருண்டை, 36 பை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். விடை சரி. எனக்கு அந்தச் சாமர்த்தியம் பிடிக்கும், ஆனால் திருத்துகிறவளாக உட்கார்ந்தால் முழு மதிப்பெண் போடமாட்டேன். பேத்தியை ஒரு வில்லையை வரைந்து, ஆ² இரண்டு பக்கமும் அடிபடுவதைக் காட்டச் சொல்லுங்கள்.